மெதுவான நெட்டில் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்: டாலி வேலைக்குத் தாங்குமா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு, திருச்சி ஆபீஸ் கம்ப்யூட்டரில் உள்ள டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் பில் ஏற்றுவதுதான் என் வேலை. நெட்டுக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்தான். சாயந்திரமானால் இழுக்க ஆரம்பிக்கும். மாதாமாதம் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, 3பி-க்கு 20 என்று தேதி நெருங்கும்போது திரை அப்படியே நின்றால் வயிற்றைக் கலக்கும்.

முன்பு வைத்திருந்த வேறொரு ஆப், சிக்னல் குறைந்ததும் திரையை மங்கலாக்கிவிடும். 3-ஆ 8-ஆ என்று உற்றுப் பார்த்துத் தொகை சரிபார்க்க வேண்டும். கணக்கு வேலைக்கு அது ஆகவே ஆகாது. தூரத்துக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே இயக்க விண்டோஸோடு இலவசமாக வரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரு நொடி தாமதமானாலும் எண் எண்ணாகத் தெரிகிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

ஆனால் திறந்தவுடன் அப்படியே ஓட்டாதீர்கள். 'ஷோ ஆப்ஷன்ஸ்' அழுத்தி 'எக்ஸ்பீரியன்ஸ்' பக்கம் போங்கள். வால்பேப்பர், மெனு அனிமேஷன், ஜன்னலை இழுக்கும்போது உள்ளடக்கத்தைக் காட்டுவது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 'பிட்மேப் கேஷிங்' மட்டும் இருக்கட்டும். ஒருமுறை வந்த படங்களை நம் கம்ப்யூட்டரிலேயே சேமித்துக்கொள்ளும். எழுத்தின் ஓரங்களை வழவழப்பாக்கும் 'ஃபான்ட் ஸ்மூதிங்'கையும் எடுக்கச் சொல்வார்கள். நான் எடுப்பதில்லை. எடுத்தால் லெட்ஜரில் தமிழில் இருக்கும் பெயர்கள் பல்பல்லாக உடைந்து, சின்ன எழுத்தில் ண-வும் ன-வும் ஒன்றாகத் தெரிகின்றன. ஒலியையும் பிரிண்டரையும் 'லோக்கல் ரிசோர்சஸ்' பக்கத்தில் அணைத்துவிடலாம். நிறத்தை 16 பிட்டுக்குக் குறைப்பது பழைய விண்டோஸில் கைகொடுக்கும். புதியதில் 32 பிட்டே சில நேரம் வேகமாக இருக்கிறது. இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இத்தனை செய்தும் கீயைத் தட்டி அரை நொடி கழித்து எழுத்து வந்தால், திரையைக் குறை சொல்லிப் பயனில்லை. டேட்டா போய்வரும் நேரமும் வழியில் தொலையும் பாக்கெட்டும் (டேட்டாவின் சின்னத் துண்டுகள்) தான் காரணம். முழுத்திரையில் மேலே வரும் நீலப் பட்டையில் சிக்னல் குறியை அழுத்திப் பாருங்கள், யுடிபி (தொலைந்த துண்டுக்காகக் காத்து நிற்காமல் டேட்டாவை அனுப்பும் முறை) இயங்குகிறதா என்று சொல்லும். விண்டோஸ் 8 காலத்திலேயே வந்த வசதி இது. ஆபீஸ் ஃபயர்வாலில் டிசிபி (ஒவ்வொரு துண்டும் வந்து சேர்ந்ததா என்று உறுதிசெய்யும் முறை) மட்டும் திறந்திருந்தால் கிடைக்காது. எங்கள் ஆபீஸில் யுடிபியையும் திறந்துவிட்ட பிறகு, டாலியின் அன்றாடப் பதிவுப் பட்டியலான டே புக்கில் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் வரி வரியாக நகர்கிறது. முன்பு நின்று நின்று தாவும்.

இன்னொரு பெரிய நிம்மதி: லைன் அறுந்தாலும் பாதி போட்ட வவுச்சர் அங்கே அப்படியே இருக்கும், திரும்ப உள்ளே போய் விட்ட இடத்தில் தொடரலாம்.

குறைகளும் உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் புரோ வேண்டும், ஹோமில் நடக்காது. நான் உள்ளே இருக்கும் வரை அங்கே வேறு யாரும் அதில் வேலை பார்க்க முடியாது. ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைப்பது மகா ஆபத்து. வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் பூட்டிய தனி வழி) போட்டு, அதன் வழியாக மட்டும் உள்ளே போங்கள்.