‘கோ’ எங்கே போச்சு? புரொஃபைல் படங்கள், இரண்டு வருஷ உபயோகத்துக்குப் பின்

ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் ஒரு யூனிட்டின் வருகைப்பதிவு வெப் அப்ளிகேஷன், இரண்டு வருஷமாக ஓடுகிறது. பெயருக்குப் பக்கத்தில் வரும் 40 பிக்சல் வட்டம் பற்றி மட்டும் இங்கே. பாதிப் பேருக்கு மேல் படமே ஏற்றுவதில்லை, அவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்து போட்ட வட்டம்தான். ஆகவே முதலில் சரி செய்ய வேண்டியதும் அதுதான்.

ஜாவாஸ்கிரிப்டில் பெயரின் 0-வது எழுத்தை எடுத்தால் கோவிந்தன், குமார், கீதா மூவருக்கும் ‘க’தான் வரும். உயிர்மெய்யில் துணைக்குறி தனி யூனிகோட் எழுத்து, அது வெட்டுப்பட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள, எழுத்து பிரிக்கும் கருவியான இன்ட்ல்.செக்மென்ட்டரை ‘கிராஃபீம்’ (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) முறையில் வைத்தால் ‘கோ’ முழுசாக வரும். ‘ஸ்ரீ’ மட்டும் அதிலும் ‘ஸ்’, ‘ரீ’ என்று உடையும், ‘க்ஷ’வும் அப்படியே. இரண்டுக்கும் தனி விதி எழுதிவிடுங்கள்.

அடுத்து இனிஷியல். ‘ஆ. கோவிந்தன்’ என்றால் வட்டத்தில் ‘ஆ’, அதாவது அப்பா வந்து நிற்பார். புள்ளியில் பிரித்துத் தள்ளலாம், ஆனால் ‘எஸ் குமார்’ என்று புள்ளியில்லாமல் அடிப்பவர்களிடம் அது பலிக்காது. இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வைப்பதே நல்லது. ஆம்பூர், வாணியம்பாடிப் பட்டியலில் ‘முகமது’ நிறைய. ஒற்றை எழுத்து போட்டால் திரை முழுக்க ‘மு’. அங்கே இரண்டாம் பெயரின் எழுத்தையும் சேர்க்க வேண்டும். ‘கௌ’ மாதிரி அகல எழுத்து வட்டத்தை முட்டும், எழுத்தளவு 14 பிக்சலுக்கு மேல் வேண்டாம். வட்டத்தின் நிறத்தைப் பெயரிலிருந்து கணக்கிடாமல் பயனர் எண்ணிலிருந்து எடுங்கள். எழுத்துப்பிழை திருத்தினால் நிறம் மாறாது. மஞ்சளில் வெள்ளை எழுத்து கண்ணுக்கே தெரியாது.

படம் ஏற்றுபவர்களில் வேலூர் கோட்டை அகழி முன் முழு உயரத்துக்கு நின்று எடுத்ததைப் போடுபவர்கள் உண்டு. 40 பிக்சலில் முகம் கடுகு. ஏற்றும்போதே சதுரமாக வெட்டச் சொல்லும் திரை இல்லாமல் இது தீராது. பக்கத் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ‘ஆப்ஜெக்ட்-ஃபிட்: கவர்’ நடுவைத்தான் வைத்துக்கொள்ளும், உயரவாக்குப் படத்தில் தலை போய்விடும். ‘ஆப்ஜெக்ட்-பொசிஷன்: 50% 20%’ ஓரளவு காப்பாற்றும்.

படுத்துக்கிடக்கும் முகங்களுக்குக் காரணம் எக்ஸிஃப், அதாவது படக் கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் தகவல். போன் கேமரா படத்தைத் திருப்பாமல், திருப்பச் சொல்லும் குறிப்பை மட்டும் எழுதி வைக்கும். சர்வரில் அளவு குறைக்கையில் அந்தக் குறிப்பு கழன்றுவிடும். பைத்தானின் பட நூலகமான பில்லோவில் ‘எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ்’ (குறிப்புப்படி படத்தைத் திருப்புவது) முதலில், பிறகுதான் ரீசைஸ். பின் எக்ஸிஃப் மொத்தத்தையும் நீக்குங்கள். வீட்டின் ஜிபிஎஸ் அதில் இருக்கலாம்.

128, 256 பிக்சலில் வெப்பி (சிறிய கோப்பாகும் பட வடிவம்) இரண்டு போதும். 4 எம்பி மூலப்படத்தை அப்படியே காட்டினால் 60 பேர் பக்கத்துக்கு 240 எம்பி. எஸ்விஜி வகைப் படம் ஏற்ற விடவே கூடாது, உள்ளே ஸ்கிரிப்ட் (ஓடக்கூடிய நிரல்) வரலாம்.

“புதுப் போட்டோ போட்டேன் சார், பழசே வருது” என்ற புகார் கேச்சால், அதாவது பிரவுசர் சேமித்து வைத்த பழைய நகலால். கோப்புப் பெயரில் உள்ளடக்க ஹாஷை (படம் மாறினால் தானும் மாறும் குறியீட்டை) சேர்த்தபின் அந்தப் புகார் வரவில்லை.