ஹப்பைத் தொறந்து காட்டாத வர்க்‌ஷாப்புக்கு ஒரு பைசா குடுக்காதீங்க

மக்களே, கொஞ்சம் நீளமா போகும், சாயா ஒண்ணு போட்டு எடுத்துட்டு உக்காந்து படிங்க. வர்க்‌ஷாப் பேரைப் போட மாட்டேன், கம்ப்ளைண்ட் நடக்கு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளதான்னு மட்டும் வச்சுக்கிடுங்க. இன்பாக்ஸ்ல வந்து பேரு கேக்காண்டாம்.

நான் ஷார்ஜால 11 வருஷம் டிரைவர் வேலை பாத்துட்டு வந்தவன். அங்க லீவு நாள் வந்தா வெள்ளைக்காரனுவ காருக்குப் பின்னால கேரவனை மாட்டிக்கிட்டு மணக்காட்டுக்குள்ள போறதைப் பாத்துப் பாத்து வந்த கிறுக்கு இது. ஊருக்கு வந்த பொறவு எர்ணாகுளத்துல இருந்து செகண்ட் ஹேண்டுல ஒரு சின்ன கேம்பர் டிரெய்லர் வாங்குனேன். ஒத்த ஆக்சில், ரெண்டு வீல், உள்ள மூணு பேரு நெருக்கிப் படுக்கலாம், சாமான் எல்லாம் ஏத்துனா 750 கிலோ கிட்ட வரும். இழுக்கது எனக்க பழைய பொலேரோ. டிரெய்லருக்குன்னு தனி ஆர்.சி. உண்டு, அதைப் பாக்காம யாரும் வாங்கிராதீங்க, சட்டத்துல டிரெய்லரும் மோட்டார் வாகனந்தான். தெருவுல இதுக்கு வச்ச பேரு கோழிக்கூடு. சரி, அது போட்டும்.

வீடு முட்டம் பக்கம், கடலுக்கு நடந்தா 5 நிமிஷம். உப்புக் காத்து இரும்பை என்ன பாடு படுத்தும்னு வள்ளத்துக்கு எஞ்சின் வச்சிருக்கவங்ககிட்ட கேட்டா தெரியும். அதுக்கு மேல நம்ம மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ரெண்டும் அடிக்கும். 7 மாசம் வண்டி அசையாம ஷீட்டுக்கு அடியில கெடந்துச்சு. ஓடுற வண்டியை விட சும்மா கெடக்க வண்டிதான் சீக்கிரம் கெட்டுப்போவும், ஹப்புக்குள்ள, அதாவது வீலுக்கு நடுவுல பேரிங் இருக்க கூட்டுக்குள்ள, ஈரம் எறங்கி பேரிங் துருப்பிடிக்கும், டயரு ஒரே எடத்துல பாரம் தாங்கி சப்பிப்போவும். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் ஆடி மாசம் குற்றாலம் போறதுக்கு முன்னால ஃபுல் சர்வீஸ் குடுப்போம்னு கொண்டு போனேன். தெரிஞ்சவன் ஏமாந்த கதை இது, அதான் கூடுதல் எரிச்சல்.

வர்க்‌ஷாப்காரர் ரொம்ப மரியாதை. "சாரே, இதுமாதி கேரவன் எத்தனையோ பாத்தாச்சு, நீங்க ஒண்ணும் பேடிக்காண்டாம், புதுசு மாதி ஆக்கித் தாறேன்"னாரு. 4 நாள் வச்சிருந்தாரு. ரெண்டு பக்கமும் பேரிங், ஆயில் சீல், கிரீஸ், ரெண்டு புது டயரு, புது ஹிட்ச் பால் (டிரெய்லரை மாட்டதுக்கு காருக்குப் பின்னால இருக்க இரும்பு உருண்டை), மேல்கூரை ஒழுக்குக்கு சீலன்ட், பின் லைட்டு வயரிங், எல்லாஞ்சேத்து 18,600 ரூபா. பில்லு கேட்டதுக்கு ஒரு வெள்ளத்தாள்ல எழுதித் தந்தாரு, சீல் இல்ல, நம்பரும் இல்ல. நானும் ஜிபேல போட்டுட்டு வந்துட்டேன். வண்டி பாக்கதுக்கு அவ்வளவு அழகு கேட்டீங்களா, டயரு கறுகறுன்னு மின்னுது, ஹப் மூடியைச் சுத்தி புதுக் கிரீஸ் வழியுது, ஆக்சிலுக்கு வெள்ளிப் பெயிண்ட் வேற.

அந்த வழியுற கிரீஸுதான் மொத கள்ளம். ஒழுங்கா வேலை செஞ்ச ஹப்புக்கு வெளிய கிரீஸ் இருக்கப்புடாது, ஆயில் சீல், அதாவது கிரீஸை உள்ள நிறுத்துற ரப்பர் வளையம், நல்லா இருந்தா கிரீஸு எதுக்கு வெளிய வரும்? நான் என்னடான்னா, ஆஹா நெறைய போட்டிருக்காருன்னு சந்தோசப்பட்டேன்.

காலையில நாலரைக்கு கெளம்புனோம், நான், வீட்டுக்காரி, மக, அப்பொறம் மாமனாரு. நாகர்கோவில் தாண்டி வெள்ளமடம் தாண்டி தோவாளைக்கு வரும்போ லேசா வெளிச்சம். தோவாளைன்னா தெரியும்லா, பூச்சந்தை, அந்த நேரத்துக்கு பிச்சியும் மல்லியும் மணக்கும். கண்ணாடியை எறக்குனா பூ மணத்துக்கு நடுவுல ஒரு கரிஞ்ச வாடை. "எவனோ டயரைக் கொளுத்துதான்"னாரு மாமனாரு. நானும் ஆமான்னுட்டு ஓட்டுனேன். அந்த வாடை கூடவே வந்துச்சு, அதைக்கூட யோசிக்கல.

ஆரல்வாய்மொழி கணவாய்ல ஆடிக்காத்து எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டாம், முப்பந்தல்ல காத்தாடியைச் சும்மாவா நட்டு வச்சிருக்கான். ஒரு லாரி எதுக்க வந்து தாண்டிப் போச்சு பாருங்க, அந்தக் காத்தும் மலைக்காத்தும் சேந்து அடிச்சதுல டிரெய்லரு பின்னால இடமும் வலமும் ஆட ஆரம்பிச்சுட்டு, கொஞ்சமா ஆடுனது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூடிக்கிட்டே போவுது, பொலேரோக்க பின்பக்கத்தையே பிடிச்சு இழுக்கு, வீட்டுக்காரி "ஏங்க பிரேக்கைச் சவட்டுங்க சவட்டுங்க"ன்னு கத்துதா. சவட்டியிருந்தா இந்தப் பதிவு எழுத நான் இல்ல. டிரெய்லரு ஆடும்போ பிரேக்கை அழுத்திச் சவட்டப்புடாது, ஸ்பீடு கூட்டி நேராக்கவும் பாக்கப்புடாது, ஸ்டியரிங்கை வெட்டப்புடாது. ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கணும், வேகம் தானா எறங்க எறங்க ஆட்டம் நிக்கும். ஷார்ஜால ஒரு பாகிஸ்தானி டிரைவரு சொல்லித் தந்தது, அவரு எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். வண்டி 50ல இருந்து 20க்கு வந்த பொறவுதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

ஓரமா நிறுத்தி எறங்குனா இடது பக்க வீல்ல இருந்து பொகை. மாமனாரு தண்ணியை ஊத்தப் போனாரு, வேண்டாம்னு தடுத்தேன், பழுத்த இரும்புல பச்சத்தண்ணி பட்டா வெடிப்பு விழும்.

செங்கல் சூளைக்கு ஓடுற டிராக்டரு ஒண்ணு வந்துச்சு, அதுல இருந்த பையன் போன் பண்ணி ஒரு டிராக்டர் மெக்கானிக் அண்ணாச்சியை வரச் சொன்னான். 60 வயசுக்கு மேல இருக்கும், லுங்கி, ஒரு சாக்குல சாமான். அவரு செஞ்ச மொத வேலை டிரெய்லரை பொலேரோல இருந்து கழட்டுனது, அதுவும் எப்படி, கப்ளருக்க, அதாவது டிரெய்லருக்க மூக்குல பால்மேல கவுத்துப் பூட்டுற கிண்ணத்துக்க, லிவரைத் தொறக்காம, பூட்டுனபடியே, ஒரு கடப்பாரையை அடியில குடுத்து ஒரு தூக்கு. பொளக்னு கழண்டு வந்துட்டு. நான் அப்படியே நிக்கேன். "தம்பி, இதை மாட்டிக்கிட்டா இம்புட்டுத் தூரம் வந்தே?"ன்னாரு.

கப்ளர்ல 50 எம்.எம்.னு குத்தியிருக்கு. பொறவு வெர்னியர் வச்சு அளந்தா புதுசுன்னு மாட்டித் தந்த பால் 47 சொச்சம், அதுவும் லேத்துல கடைஞ்சு பெயிண்ட் அடிச்சது. 3 எம்.எம்.தான வித்தியாசம்னு நெனைப்பீங்க. லிவர் நல்லா டக்குனு பூட்டும், இழுத்துட்டுப் போனா போவும், ஆனா பெரிய குழியில டிரெய்லருக்க மூக்கு ஒரு துள்ளு துள்ளுனா எந்திரிச்சு வெளிய வந்துரும். அதனால கப்ளர்ல எழுதுன சைசும் பால்ல எழுதுன சைசும் ஒண்ணான்னு பாருங்க, பால்ல ஒண்ணுமே எழுதலன்னா வாங்கவே செய்யாதீங்க. பூட்டுன பொறவு முன் ஜாக்கியைச் சுத்தி டிரெய்லருக்க மூக்கை மேல தூக்குங்க, கூடவே காருக்க பின்பக்கமும் எந்திரிக்கணும். அப்போதான் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். ஒரு நிமிஷ வேலை, நான் செய்யல.

சேஃப்டி செயின்னு போட்டிருந்தது நாயைக் கட்டுற சங்கிலி கனம்தான். ரெண்டு நல்ல செயினு வேணும், கப்ளருக்கு அடியில குறுக்கா மாத்திப் போடணும், பால் கழண்டாலும் மூக்கு ரோட்டுல குத்தாம தொட்டில்ல விழுந்த மாதி செயின்மேல விழும்.

ஹப்பு ஆறுன பொறவு அண்ணாச்சி மூடியைத் தட்டித் தொறந்தாரு. உள்ள, நான் என்னத்தச் சொல்ல, பழைய பேரிங்தான். கிரீஸு காஞ்சு தார் மாதி, ரோலர்ல துருக் குழி. புதுக் கிரீஸு மூடிக்கு உள்ள ஒரு வெரலும் வெளிய ஒரு வெரலும் மட்டும். சீல் உதட்டுல விரிசல். இதெல்லாம் விட பெரிய கள்ளம் அந்த நட்டு. பேரிங் தேஞ்சா வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுனா லொடலொடன்னு ஆடும், எனக்கு அது தெரியும், வண்டி எடுக்கும்போ ஆட்டியும் பாத்தேன், கிண்ணுனு இருந்துச்சு. ஆடாம இருக்கணும்னே நட்டை முறுக்கோ முறுக்குன்னு முறுக்கி நட்டு சுத்தாம குறுக்க குத்துற ஸ்பிலிட் பின்னைப் போட்டிருக்கான். தேஞ்ச பேரிங்கை நெருக்கி முறுக்குனா சூடாகாம என்ன செய்யும். ஆட்டிப் பாத்தா மட்டும் போதாது, வீலைத் தூக்கி நிறுத்திக் கையால ஒரு சுத்து சுத்தி விடணும், கரகரன்னு சத்தம் வராம லேசாச் சுத்தணும்.

அண்ணாச்சி பையனை டவுனுக்கு அனுப்பி, பேரிங்ல இருக்க நம்பரைச் சொல்லி புதுசு வாங்கி வரச் சொன்னாரு. அது வர்றதுக்குள்ள வெயில் ஏறிட்டு, மக ரோட்டோரத்துல மட்டிப்பழம் தின்னுக்கிட்டு இருந்தா. அவரு கிரீஸ் போட்ட விதம் பாக்கணும். உள்ளங்கையில ஒரு உருண்டை கிரீஸ் வச்சு, பேரிங்க்க அகலமான விளிம்பை அதுல குத்திக் குத்தி இழுத்தாரு, கிரீஸு ரோலருக்கு எடையில போயி மறுபக்கம் புழு மாதி வர்ற வரைக்கும், சுத்தி முழுக்க. பொறவு ஹப்பைச் சுத்திக்கிட்டே நட்டை முறுக்கி, திரும்ப லூஸ் பண்ணி, வெரலால மட்டும் திருகி, பின் ஓட்டைக்கு நேரா நிறுத்தி புது ஸ்பிலிட் பின். "வருசத்துக்கு ஒருக்க இதைச் செய்யி, ஓடுனாலும் ஓடாட்டியும்"னாரு. 3,200 ரூபா ரெண்டு பக்கமும், பேரிங் வெலையோட சேத்து. பழைய பேரிங்கை ஒரு கவர்ல போட்டு எனக்க கையிலயே தந்தாரு. அவரு கேக்காமலே செஞ்ச அந்த ஒரு காரியத்தை இனி நான் எல்லா எடத்துலயும் கேட்டு வாங்குவேன்.

இனி ஆட்டத்துக்குக் காரணம். உள்ள இருந்த தண்ணி டாங்க்கை "முன்னால பாரம் இருந்தா காருக்க ஸ்பிரிங் எறங்கும் சாரே"ன்னு சொல்லி வர்க்‌ஷாப்காரரு ஆக்சிலுக்குப் பின்னால மாத்தி வச்சிருந்தாரு, நானும் கேஸ் சிலிண்டரையும் ஐஸ் பெட்டியையும் பின்னாலயே ஏத்திட்டேன். தப்பு தலைகீழ். டிரெய்லருக்க மொத்த பாரத்துல நூத்துக்கு 10ல இருந்து 15 வரை கப்ளர்மேல அழுத்தணும், எனக்க 750க்கு ஒரு 75ல இருந்து 110 கிலோ. கப்ளரைத் தாங்கி நிக்க ஜாக்கிக்கு அடியில வீட்டுல எடை பாக்க மெஷினை வச்சாலே தெரிஞ்சுரும், கப்ளரு கார்ல மாட்டுற உயரத்துல நிக்கணும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து வச்சுப் பாத்தா 31. பின் பாரம் மூக்கைத் தூக்கிக்கிட்டு இருந்திருக்கு, ஆடாம என்ன செய்யும். அதுக்காக காருக்கு கம்பெனிக்காரன் சொன்ன அளவை மீறி முன்னால ஏத்தவும் செய்யாதீங்க.

மேல்கூரையில ஜன்னலுக்கு அடிக்க சாதா சிலிக்கானைப் பூசி வச்சிருந்தான், குற்றாலத்துல சாரல்ல மெத்தை நனைஞ்சுது. அதைச் சொறண்டி எடுக்க நான் பட்ட பாடு! அது ஒட்டுன எடத்துல வேற எதுவும் ஒட்டாது. பின் லைட்டு எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சதுக்கு எர்த் கம்பி பெயிண்டுக்கு மேல முறுக்கி வச்சதுதான் காரணம், பெயிண்டைச் சொறண்டி இரும்புல பிடிச்சா சரியாப்போச்சு.

டயரு கதைதான் பாக்கி. டயர்ல பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், மொத ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருசம். 3224ன்னா 2024ல 32வது வாரம் செஞ்சது. நான் வெளிப்பக்கம் தேடுனேன், நம்பரே இல்ல. பல டயருக்கு அது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், இவன் அந்தப் பக்கத்தை உள்ள திருப்பி மாட்டியிருக்கான். படுத்துப் பாத்தா 4115. பட்டன் நல்லா இருக்கும், பாலிஷ் போட்டா மின்னும், ஆனா ரப்பருக்கு வயசு 10. டிரெய்லர் டயரு தேஞ்சு சாகாது, வயசாகிச் சாகும், 6 வருசம் தாண்டுனா மாத்திருங்க. மாத்துன பொறவு 50, 100 கிலோமீட்டர்ல வீல் நட்டை ஒருக்க திரும்ப முறுக்கணும்.

திரும்பி வந்து வர்க்‌ஷாப்காரருகிட்ட பழைய பேரிங்கைக் காட்டுனேன். "கடலோரத்துல நிறுத்துனா அப்படித்தான் சாரே, ஒரு மாசத்துல புதுசும் துருப்பிடிக்கும்"ங்கான். வண்டி எடுத்து 5 நாள்தான் ஆச்சு. நேரா 1915க்கு அடிச்சேன், அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுல சரியாவலன்னா நாகர்கோவில்ல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, 2 வருசத்துக்குள்ள போடணும். எனக்கு பில்லு இல்ல, ஆனா அந்த வெள்ளத்தாளு, ஜிபே ரசீது, வாட்சாப்ல "பேரிங் மாத்தியாச்சு சார்"னு அவரு அனுப்புன மெசேஜ், இது மூணும் இருக்கு. மெசேஜை அழிச்சுராதீங்க.

ஹெல்ப்லைன்ல இருந்து போன் போச்சு போல, போன வாரம் அவரே கூப்பிட்டாரு. கொரல் தேனா ஒழுகுது. "சாரே நமக்குள்ள என்னத்துக்கு கேஸு, ரெண்டு டயரும் கம்பெனி புதுசு போட்டுத் தாறேன், கம்ப்ளைண்டை வாபஸ் வாங்கிருங்க." சரி பாப்போம்னு வண்டியைக் கொண்டு விட்டேன். சாயங்காலம் போனா மாட்டி வச்சிருக்கு, கறுகறுன்னு மின்னுது, ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கு. வெளிப்பக்கம் நம்பர் இல்ல. நான் ஒண்ணும் பேசல, செல்போன் டார்ச்சைப் போட்டு தரையில மல்லாக்கப் படுத்து உள்பக்கம் பாத்தேன்.

2716.