வெலிங்டன் நாடாளுமன்றச் சுற்று: கட்டாயம் பார்க்க வேண்டியது

வெலிங்டனில் நியூசிலாந்து நாடாளுமன்றம் இலவசமாக நடத்தும் வழிகாட்டிச் சுற்று, ஒரே சட்டமன்ற அவை மட்டும் கொண்ட ஓரவை ஆட்சிமுறையைக் கண்ணெதிரே காட்டும் அருமையான சேவை. 1951-ஆம் ஆண்டின் முதல் நாளோடு ஒழிக்கப்பட்ட மேலவையின் கூடம் இன்றும் பேணப்படுகிறது. நாடாளுமன்றம் தொடங்கும்போது மன்னரின் பிரதிநிதியான தலைமை ஆளுநர் வழக்கமாக அரசின் கொள்கை உரையை வாசிப்பது அங்கேதான். ஆனால் சட்டமியற்றும் அதிகாரம், பச்சைக் கம்பளம் விரித்து, லாட வடிவில் இருக்கைகள் போட்ட பிரதிநிதிகள் அவையில்தான் இருக்கிறது; அங்கு நிறைவேறும் சட்டத்தை நீதிமன்றமும் ரத்து செய்ய முடியாது. ஆகவே, முதல் வாசிப்புக்குப் பின் மசோதா, உறுப்பினர்கள் அதை ஆராயும் தெரிவுக்குழுவுக்குப் போய், பொதுமக்கள் எவரும் கருத்துச் சொல்லக்கூடிய கட்டமே மேலவை இல்லாத குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. அவசர நடைமுறையைக் கையாண்டு அரசு அக்கட்டத்தையே தாண்டிவிட முடிவது எனக்குப் பெருங்கவலை. அவை கூடும் நாளில் சென்றால், பிற்பகல் கேள்வி நேரத்தையும் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்துவிடுங்கள்.