ஒர்லாண்டோவுக்கு உடுப்புத் தைக்கும் முன்: டிஸ்னியா, யுனிவர்சலா?

என் தையல் மேசையில் இரண்டு அளவுச் சீட்டுகள் கிடக்கின்றன. கனடாவில் இருக்கும் அக்காவின் பிள்ளைகளுக்கு: மகனுக்கு 9 வயது, மகளுக்கு 15. ஒக்டோபரில் புளோரிடாவின் ஒர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி, யுனிவர்சல் கேளிக்கைப் பூங்காக்களுக்குப் போகிறார்கள். "சித்தி, எனக்கு நிலம் கூட்டுற மாதிரி நீட்டுப் போர்வை வேணும், ராணி தோளில போடுறது" என்றாள் பெரியவள். பெரியகடையில் நீலச் சட்டின் துணி ஐந்து மீற்றர் வாங்கி உவர்மலைக்கு வந்த பிறகுதான் அந்தப் பூங்காக்களின் விதிகளை வாசித்தேன். கத்தரி வைக்கும் முன் வாசித்தது நல்லதாகப் போயிற்று.

டிஸ்னியில் முதல் கேள்வி வயது. 14 வயதும் அதற்கு மேலும் என்றால் சாதாரண நாளில் வேடமும் கிடையாது, முகமூடியும் கிடையாது. அதற்குக் கீழே உள்ளவர்கள் வேடம் போடலாம். முகமூடி முகம் முழுவதையும் மூடாமல் கண் தெரிந்தால் அதுவும் சரி. ஆக, மகனுக்கு வழி உண்டு, மகளுக்கு இல்லை. விளையாட்டுத் துப்பாக்கி யாருக்குமே இல்லை. 2015 டிசம்பரில் அதைக் கொண்டுவருவதையும் தடுத்து, தங்கள் கடைகளில் விற்பதையும் நிறுத்திவிட்டார்கள். செல்ஃபி குச்சியும் அதே வருடம்தான் தடையானது.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: வேடம் போடாமல் நிறத்தால் காட்டுவது. நீலச் சட்டை, மஞ்சள் பாவாடை, தலையில் சிவப்பு றிபன். பார்த்தவுடன் ஸ்னோ வைட் என்று தெரியும், ஆனால் அது தெருவில் போடுகிற உடுப்புத்தான். டிஸ்னிபவுண்டிங் என்பார்கள். தைக்கிறவளுக்கும் இதில்தான் வேலை ருசிக்கும்.

யுனிவர்சலில் ஹரி பொட்டர் பகுதியில் பெரியவர்களும் மந்திரவாதி அங்கியோடு உலாவுகிறார்கள். அங்கேயே அங்கி விற்கிறார்கள், மந்திரக்கோலை அசைத்தால் கடைக் கண்ணாடிக்குள் பொருட்கள் ஆடும். சில வேகமான சவாரிகளில் மட்டும் கையில் இருப்பதை லொக்கரில் வைக்க வேண்டும். பகல் நேரத்துக்கு 15 வயதுக்காரிக்கு யுனிவர்சல்தான் என் தெரிவு.

ஆனால் ஒக்டோபர் இரவில் எல்லாம் தலைகீழ். ஹலோவீன் என்பது வேடம் போட்டுக் கொண்டாடும் பண்டிகை. அதற்கு யுனிவர்சல் நடத்தும் ஹலோவீன் ஹொரர் நைட்ஸ் இரவுகளில் வேடமும் முகமூடியும் யாருக்கும் அனுமதி இல்லை. பயமுறுத்தும் நடிகர்கள் கூட்டத்துக்குள்ளேயே நடமாடும் இடம் அது. பார்வையாளரும் வேடத்தில் நின்றால் யார் யாரென்று தெரியாது. டிஸ்னியிலோ, தனி டிக்கெட் எடுத்துப் போகும் மிக்கியின் ஹலோவீன் விருந்தில் பெரியவர்களும் வேடம் போடலாம். நிபந்தனைகளைத் தைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: 14 வயதும் அதற்கு மேலும் என்றால் முகமூடி கூடாது, அவர்களின் போர்வை இடுப்புக்குக் கீழே இறங்கவும் கூடாது; யாருடைய உடுப்பும் நிலத்தில் இழுபடக் கூடாது. பிளாஸ்டிக் லைட்சேபரும் (ஸ்டார் வோர்ஸ் படத்து ஒளிவாள்) விளையாட்டு வாளும் பரவாயில்லை, கூர்மையானது எதுவும் வேண்டாம். வேடத்தோடு நின்று மற்றவர்களுக்குப் படத்துக்கு நிற்பதும் கையெழுத்துப் போடுவதும் கூடாது. உண்மையான ராணி என்று நம்பி ஒரு சின்னப்பிள்ளை ஓடி வந்துவிடும் அல்லவா?

அக்காவுக்குச் சொல்லிவிட்டேன்: பகலில் யுனிவர்சல், ஓர் இரவு மட்டும் டிஸ்னி விருந்து. மகளின் தோளிலிருந்து இடுப்பு வரை பதினைந்து அங்குலம். அந்த இடத்தில் சோக்கால் கோடு போட்டிருக்கிறேன். மிச்சச் சட்டினில் தம்பிக்கு ஒரு நீட்டுப் போர்வை வரும், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கிற மாதிரி.