ஸ்பிஃப்ஸா, லிட்டில்எஃப்எஸ்ஸா? ஃபிளாஷ் சிப்பின் எழுதும் அளவை வைத்து ஓர் அலசல்

டபிள்யூ25க்யூ128 நார் ஃபிளாஷ் (கரண்ட் போனாலும் தகவலை வைத்திருக்கும் நினைவகச் சிப்) பொருத்திய ஒரு சென்சார் போர்டுக்கு ஃபைல் சிஸ்டம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இந்த மாதிரி சின்ன போர்டுகளுக்கான ஃபைல் சிஸ்டங்களான ஸ்பிஃப்ஸ், லிட்டில்எஃப்எஸ் இரண்டில் லிட்டில்எஃப்எஸ்ஸை எடுத்தேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மெமரி கார்டுகளில் வரும் ஃபேட் ஃபைல் சிஸ்டத்தைச் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். எழுதும் நடுவில் கரண்ட் போனால் அதன் டேபிளே கெட்டுவிடலாம்.

ஸ்பிஃப்ஸுக்கு ரேம் குறைவாகப் போதும். உண்மையான டைரக்டரி கிடையாது. ஒரு பேஜை (தான் பிரித்து வைத்த சின்னத் துண்டை) நீக்கியதாகக் குறிக்க, ஏற்கெனவே எழுதிய பைட்டிலேயே இன்னொரு பிட்டை 0 ஆக்கும். சாதாரண நார் சிப் இதை ஏற்கும். ஆனால் எஸ்டிஎம்32 எல்4 என்ற மைக்ரோகன்ட்ரோலரின் உள் ஃபிளாஷில் 8 பைட் சேர்த்துத்தான் எழுத முடியும். எழுதியதை அழிக்காமல், முழுவதும் பூஜ்யமாக்குவது தவிர, மாற்ற வழியில்லை. பிழையைத் திருத்தும் ஈசிசி காவல் இருப்பதே காரணம். அதே குடும்பத்து எச்743-இல் அந்த அளவு 32 பைட். ஸ்பிஃப்ஸ் அங்கே தடுக்கி விழும். லிட்டில்எஃப்எஸ், எழுதிய இடத்தைத் திரும்பத் தொடாது. அடுத்த காலி இடத்தில்தான் எழுதும்.

முக்கியமான விஷயம் ப்ரோக் சைஸ்: ஒரு தடவை எவ்வளவு எழுதுவது என்று லிட்டில்எஃப்எஸ்ஸுக்குச் சொல்லும் செட்டிங். சிப்பின் பேஜ் 256 பைட் என்று டேட்டாஷீட்டில் பார்த்ததும் பலர் அதையே போட்டுவிடுகிறார்கள். அது ஒரே மூச்சில் எழுதக்கூடிய அதிகபட்சம். ப்ரோக் சைஸ் கேட்பதோ குறைந்தபட்சம். ஒவ்வொரு கமிட்டையும் (ஒரு மாற்றத்தின் பதிவை) லிட்டில்எஃப்எஸ் அந்த அளவுக்கு நிரப்பித்தான் முடிக்கும். 256 போட்டால், 4096 பைட் பிளாக்கில் (ஒரே தடவையில் அழிக்கும் துண்டு, டேட்டாஷீட்டில் செக்டார்) 16 கமிட்டிலேயே இடம் தீர்ந்து, அடுத்த பிளாக்கை அழித்துச் சுருக்க வேண்டும். 16 போட்டால், 50 பைட் கமிட் 64-இல் முடியும்; அதே பிளாக்கில் ஏறத்தாழ 64 கமிட். அழிப்பு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. ஒரு செக்டார் சுமார் 1,00,000 அழிப்பு தாங்கும் சிப்பில், அடிக்கடி சேமிக்கும் சின்ன செட்டிங்ஸ் ஃபைலுக்கு இதுதான் ஆயுள்.

குறையும் உண்டு. பெரிய ஃபைலின் நடுவில் ஒரு பைட்டை மாற்றினாலும் அங்கிருந்து கடைசி வரை மறுபடி எழுதும். லாக் மாதிரி கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும் வேலைக்கு இது உறைக்காது. இன்னொரு வகை ஃபிளாஷான நேண்ட் சிப்பில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. என் தீர்ப்பு நாருக்கு மட்டும்.

அப்புறம், ப்ரோக் சைஸ் 16, கேச் (எழுதுமுன் ரேமில் சேர்த்துவைக்கும் இடம்) 256 என்று வைத்தால், ஒரு தடவை எழுதுவது பேஜ் நடுவில் தொடங்கி அடுத்த பேஜுக்குள் நீளலாம். சிப் அதை அடுத்த பேஜுக்குக் கொண்டுபோகாது; அதே பேஜின் தொடக்கத்துக்குச் சுற்றிவந்து அங்கிருப்பதைக் கெடுக்கும். 256-இன் எல்லையில் எழுதுவதை இரண்டாகப் பிரிக்கும் வேலை டிரைவருடையது. ஃபைல் சிஸ்டம் செய்யாது.