சீலின் முதுகில் எதை ஒட்டுவது: பதிவுக்கருவியா, செயற்கைக்கோள் டேக்கா?

சீல் (கடல்நாய்), திமிங்கலம் எவ்வளவு ஆழம் முங்குகிறது என்று அளக்க, தரவைத் தனக்குள்ளேயே சேமிக்கும் பதிவுக்கருவி, செயற்கைக்கோள் வழியே அனுப்பும் டேக் என்ற இரண்டில் எதை வாங்குவது என்று திணறுபவர்களுக்காக.

விலை: பதிவுக்கருவி மலிவு. டேக் ஒன்றுக்கே ஆயிரக்கணக்கான டாலர்.

விவரம்: 1960களில் அண்டார்டிகாவின் மெக்மர்டோவில் உயிரியலாளர் ஜெரால்ட் கூய்மேன் சமையலறை டைமரை வைத்தே வெடெல் சீலின் முக்குளிப்பைப் பதிந்தார், எனக்கு இன்றும் வியப்புதான். அந்த வழியில் வந்த இன்றைய கருவி சில நொடிக்கு ஒருமுறை ஆழத்தைச் சேமிக்கிறது. ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் அமைப்பு வழியே பேசும் டேக்கோ, சீல் மூச்சுவிட மேலே வரும் சிறு நேரத்தில் ஒரு செய்திக்கு 256 பிட்டுக்குள் சுருக்கத்தைத்தான் அனுப்பும்.

மீட்பு: முடிவு இதில்தான் இருக்கிறது. பதிவுக்கருவி கைக்கு வந்தால்தான் தரவு. கலிபோர்னியாவின் அன்யோ நுவேவோ கரைக்கு யானை சீல்கள் வருடம் இருமுறை திரும்புகின்றன, அங்கே தயங்காமல் பதிவுக்கருவி. கரைக்கே வராத திமிங்கலத்தை மாதக்கணக்கில் தொடர வேண்டுமா, சரி, டேக்குக்கே செலவிடுங்கள்.