முறை வைப்பதா, பிரித்துக்கொள்வதா? புது ரூம்மேட்டோடு ஒரு வருடம்

மூன்று பேர் இருந்த வீட்டில் ஒருவர் காலி செய்து போனார். அவர் இடத்துக்கு வந்தவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வாடகைப் பங்கை ஒருநாள் கூடத் தள்ளிப் போட்டதில்லை, குரலை உயர்த்திப் பேசியதில்லை. ஆனால் சாப்பிட்ட தட்டை சிங்கில் வைப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். அடிப்பிடித்த வாணலியில் தண்ணீர் ஊற்றி "ஊறட்டும்" என்பார். அது மூன்று நாள் ஊறும். குப்பைப் பை நிரம்பினால் கட்டி எடுத்துப்போவதற்குப் பதிலாக, மேலே இன்னும் கொஞ்சம் அமுக்கி இடம் பண்ணுவார்.

இப்படி ஒருவரோடு இருக்க நேர்ந்தால் நான்கு வழிதான் தெரிகிறது: பொறுத்துப்போவது, வேலைக்கு முறை வைப்பது, பொருட்களை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது, வீடு மாறுவது. முதல் மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது எட்டு மாதமாக மூன்றாவதில் இருக்கிறேன், அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். "முதலில் உட்கார்ந்து பேசுங்கள்" என்பதைத் தனி வழியாகக் கணக்கில் சேர்க்கவில்லை. நான்கில் எதற்கும் பேசித்தான் ஆக வேண்டும். பேசி எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பொறுத்துப்போனது ஐந்து வாரம். என் பாத்திரத்தோடு அவருடையதையும் சேர்த்துக் கழுவினேன். பார்த்துத் திருந்துவார் என்று நினைப்பு. அவர் கற்றுக்கொண்டதோ, இந்த வீட்டில் பாத்திரங்கள் ராத்திரியில் தானாகவே சுத்தமாகிவிடும் என்பதைத்தான். ஆறாவது வாரம் ஒரே ஒரு டம்ளருக்காக நான் போட்ட சத்தத்தில் அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். ஒரு மாதத்தில் கிளம்பிவிடுவார் என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது எல்லோரும் செய்வது: ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை. திங்கள், வியாழன் நான். செவ்வாய், வெள்ளி அவர். மற்ற நாட்கள் மூன்றாமவர். இரண்டு வாரம் அருமையாக ஓடியது. பிறகு "நேற்று நான் வீட்டில் சாப்பிடவே இல்லையே, நான் ஏன் கழுவணும்?" என்று ஆரம்பித்தது. ஊருக்குப் போனால் முறை யாருக்கு மாறும், திரும்பி வந்து ஈடுகட்ட வேண்டுமா, ஊற வைத்த வாணலி நேற்றைய முறையில் சேருமா இன்றையதில் சேருமா என்று விதிகளுக்கு விளக்கம் எழுதும் வேலை தொடங்கியது. கடைசியில் நிரம்பி வழியும் சிங்கைப் படம் பிடித்து, நேரத்தோடு வாட்ஸாப் குழுவில் போடும் ஆளாக நான் ஆனேன். கழுவாதவர் மேல் யாருக்கும் கோபமில்லை. படம் போட்டவன்தான் வில்லன்.

நான்கையும் ஒப்பிடும்போது நான் கேட்கும் கேள்வி இந்த இடத்தில்தான் பிறந்தது: ஏற்பாடு நியாயமானதா என்பதை விட, அது நாள்தோறும் நடக்க யார் காவல் நிற்க வேண்டும்?

பொதுச் சொத்துகள் எப்படி நிலைக்கின்றன என்று ஆராய்ந்து 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக் கிராமத்தை உதாரணம் காட்டுவார். குளிர்காலத்தில் தன்னால் தீனி போட முடிகிற அளவு மாடுகளைத்தான் ஒருவர் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று 1517-இலேயே அங்கே விதி எழுதிவிட்டார்கள். மீறினால் அபராதம். அதை வசூலிக்கும் ஊர் அதிகாரி பாதியைத் தானே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பாதிதான் விஷயமே. காவல் நிற்பது ஒரு வேலை, அதற்குக் கூலி வேண்டும் என்று அந்தக் கிராமத்துக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் சமையலறையில் காவல்காரனுக்குக் கிடைத்தது கெட்ட பெயர் மட்டும்.

சரி, யார் எவ்வளவு செய்தோம் என்று கணக்குப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் கதைக்கு ஆகாது. 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இரு உளவியலாளர்கள், வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவி இருவரையும் தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் இரண்டு பங்கையும் கூட்டினால் முழுசையும் தாண்டிவிட்டது. பொய் சொல்கிறார்கள் என்றில்லை. தான் செய்தது தனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவ்வளவுதான். இதைப் படித்த பிறகு என் கணக்கின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆக, பிரித்துக்கொள்வது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரங்களை எல்லாம் ஹாலில் பரப்பினோம்.

"ப்ரோ, இனிமே ஆளுக்கு ரெண்டு தட்டு, ஒரு டம்ளர், ஒரு வாணலி, ஒரு டப். அழுக்குப் பாத்திரம் அவங்கவங்க டப்ல. சிங்க் மட்டும் எப்பவும் காலியா இருக்கணும்."

"அவ்ளோதானா?" என்றார். நான் திட்டப்போகிறேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

மிச்சத்தை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டோம். பாதி வெற்றி அந்தப் பெட்டியில் இருக்கிறது என்பேன். முன்பு இருபது தட்டும் அழுக்காகும் வரை ஒருவர் கழுவாமல் ஓட்டலாம். இரண்டே தட்டு என்றால் மூன்றாவது வேளையிலேயே முட்டிவிடும். நான்காம் நாள் ராத்திரி பதினொன்றுக்கு அவர் சிங்கில் நின்று ஒரே ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்றுதான், இரண்டாவதைத் தொடவில்லை! ஆனால் அது என் கவலை இல்லை என்று உணர்ந்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே. வாணலி இன்னும் மூன்று நாள் ஊறத்தான் செய்கிறது. அவர் டப்பில் ஊறுகிறது. நாற்றம் வந்தால் டப் அவர் அறைக்குள் போக வேண்டும் என்று பிறகு ஒன்றைச் சேர்த்தோம். ஒரே ஒரு முறை போயிருக்கிறது. குப்பையும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு சின்னக் கூடை. ஃப்ரிட்ஜில் ஆளுக்கு ஓர் அடுக்கு. எட்டு மாதத்தில் வாட்ஸாப்பில் ஒரு படம் கூடப் போகவில்லை.

இதற்கு விலை உண்டு. சேர்ந்து சமைப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. வீட்டில் எல்லாமே மூன்று மூன்றாக இருக்கிறது. முதல் மாதம் தங்கும் விடுதி மாதிரி ஒரு வெறுமை. ஐந்தாறு பேர் இருக்கும் வீட்டில் டப் வைக்கவே இடம் இருக்காது, நான் மூன்று பேர் வீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

பிரிக்கவே முடியாதவையும் இருக்கின்றன. கரன்ட் பில்லை மூன்றாக வகுப்பது நியாயம் போலத் தோன்றும். ஆனால் 1,500 வாட் ஹீட்டர் நான்கு மணி நேரம் ஓடினால் 6 யூனிட், சாதாரண ஃப்ரிட்ஜ் ஒன்று நாள் முழுக்க ஓடியும் சுமார் ஒன்றுதான். பிளக்கில் சொருகும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி அவர் ஹீட்டருக்குப் போட்டோம், சண்டை முடிந்தது. சத்தத்துக்கு அப்படி மீட்டர் வைக்க முடியாது. படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபலைத் தாண்டினால் தூக்கம் கெடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல். சாதாரணப் பேச்சே பக்கத்திலிருந்து 60 டெசிபல் அளவில் இருக்கும். அதனால் இதற்கு மட்டும் நேரக்கெடுதான்: பத்தரைக்கு மேல் போன் பேச்சு கதவைச் சாத்திக்கொண்டு. முக்கால்வாசி நாள் நடக்கிறது.

வீடு மாறுவதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை, விசாரித்ததோடு சரி. மூன்று பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒருவர் தராத வாடகையை மற்றவர்களிடம் முழுசாகக் கேட்க உரிமையாளருக்குப் பல நாடுகளில் சட்டப்படி உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் பெயரை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியோடு மட்டும் வெளியேறினால் வம்பு பின்னாலேயே வரும். பெயரை நீக்கியதற்கும் முன்பணத்தைத் திருப்பித் தந்ததற்கும் எழுத்தில் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த டப், தட்டுக் கதை எல்லாம் சோம்பேறியோடு வாழ்வதற்கு மட்டும். திருட்டு, மிரட்டல், அனுமதி இல்லாமல் அறைக்குள் நுழைவது என்று போனால் எதையும் பிரித்துக்கொண்டிருக்காதீர்கள், கிளம்பிவிடுங்கள்.

பாத்ரூமை மட்டும் எங்களால் பிரிக்க முடியவில்லை. அதற்கு மட்டும் இன்னும் பழையபடி அட்டவணைதான், அதன் கதவில் ஒட்டியிருக்கிறது. இந்த வாரம் யார் முறை என்பதில் நேற்றும் ஒரு பேச்சு வந்தது. அவர் முறை என்பது என் கணக்கு.